கால் வீங்குகிறதே, பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு பீட்ரூட்டுக்கு மாறலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. மன்னார்குடி பக்கம் விவசாயம். சில மாதங்களாக அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறார். பிரஷர் குறைந்துவிட்டது, ஆனால் சாயங்காலமானால் இரண்டு கணுக்காலும் வீங்குகின்றன. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஐசோசார்பைடு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். உறவினர் ஒருவர் ‘நைட்ரிக் ஆக்சைடு பவுடர்’ வாங்கி வந்திருக்கிறார். இதையும் பீட்ரூட் சாறையும் குடித்தால் ரத்தக்குழாய் தானே விரியும், மாத்திரையே வேண்டாம் என்கிறார். கேட்கலாமா?

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பவுடரை அப்பாவுக்குக் கொடுக்கவே வேண்டாம். பீட்ரூட்டைப் பொரியலாகத் தாராளமாகச் சாப்பிடட்டும். உறவினர் சொல்வதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. அதனால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள்.

ரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு அடுக்கு செல்கள். அதைச் சுற்றித் தசை. தசைச் செல்லுக்குள் கால்சியம் ஏறினால் மயோசின் என்ற புரதத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். தசை இறுகும், குழாய் சுருங்கும். அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றினால்தான் குழாய் தளரும். கழற்றச் சொல்லும் உத்தரவு உள் அடுக்கிலிருந்து வருகிறது. வாய்க்கால் கரை, தன்மேல் உரசும் தண்ணீரின் வேகத்தை உணர்ந்து தானே விலகிக்கொடுத்தால் எப்படி இருக்கும்? உள் அடுக்கு செய்வது அதைத்தான். ரத்தம் வேகமாக உரசியதும் அங்குள்ள ஒரு நொதி, அர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது. அது வாயு. சில விநாடிகளில் அழிந்துவிடும். அதற்குள் தசைக்குள் புகுந்து குவானிலேட் சைக்ளேஸ் என்ற புரதத்தைப் பிடிக்கிறது. அது சைக்ளிக் ஜிஎம்பி என்ற தூது மூலக்கூறைப் பெருக்குகிறது. அது கைனேஸ் ஜி என்ற புரதத்தை எழுப்புகிறது.

முக்கியமான வேலைகளைச் செய்வது இந்தக் கைனேஸ் ஜி. கால்சியத்தை அதன் கிடங்குக்கே திருப்பி அனுப்ப உதவுகிறது. பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியைத் தூண்டுகிறது. ஆர்ஜிஎஸ்-2 என்ற இன்னொரு புரதத்தையும் முடுக்கிவிடுகிறது. ‘சுருங்கு’ என்று ஆஞ்சியோடென்சின் போன்ற ஹார்மோன்கள் கொடுக்கும் உத்தரவை ‘போதும்’ என்று அணைப்பது அதுதான். அந்தப் புரதம் இல்லாத எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியதை 2003இல் காட்டினார்கள்.

உள் அடுக்கின் அருமை தெரியவந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க விஞ்ஞானி முயலின் பெருந்தமனித் துண்டுகளில் அசிடைல்கோலின் என்ற மருந்தைச் சோதித்துவந்தார். துண்டு தயாரிக்கும்போது உட்புறம் எதிலாவது உரசி அந்த ஒற்றை அடுக்கு போய்விட்டால், துண்டு தளராது. அடுக்கு அப்படியே இருந்தால் அதே மருந்துக்கு அழகாகத் தளர்ந்தது. 1980இல் இதை வெளியிட்டார். 1998இல் இக்னாரோ, முராட் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். சர்க்கரை நோயும் புகையிலையும் கெடுப்பது இதே அடுக்கைத்தான்.

இனி அப்பாவின் மாத்திரைகளுக்கு வருவோம். அம்லோடிபினுக்கு இந்த நைட்ரிக் ஆக்சைடு வழி தேவையில்லை. கால்சியம் தசைக்குள் நுழையும் வாசலையே அது அடைக்கிறது. சிறு தமனிகள் நன்றாக விரிகின்றன. சிரைகள் அந்த அளவுக்கு விரிவதில்லை. ரத்தம் நுண்குழாய்களுக்குள் அதிகம் இறங்க, அங்கே அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது. நாளெல்லாம் வயலில் நின்றால் அது கணுக்காலில் தேங்கும். சிறுநீரகம் கெட்டதால் வரும் வீக்கம் அல்ல இது. அதனால்தான் நீர் பிரியும் மாத்திரைக்கு இது சரியாகக் கேட்பதில்லை. அளவைக் குறைக்கவோ, சிரைகளையும் விரிக்கும் டெல்மிசார்டன் போன்ற வேறொரு பிரஷர் மாத்திரையைச் சேர்க்கவோ முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் வழி கிடைக்கும். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, காலையிலும் வீக்கம் வடியாவிட்டாலோ மாத்திரையின் மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. யானைக்கால் நோய் நம் டெல்டாவுக்குப் புதிதல்ல. ஒற்றைக் கால் வீக்கத்தில் அதையும் பார்த்தாக வேண்டும்.

மருந்தை நிறுத்திப் பார்த்தவர்கள் பலர், “நிறுத்தியும் பிரஷர் ஏறவில்லையே” என்பார்கள். அம்லோடிபின் உடம்பிலிருந்து பாதி குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அந்த ஓரிரு நாளில் எதைக் குடித்தாலும் அதுதான் வேலை செய்கிறது என்று தோன்றும். பிறகு பிரஷர் சத்தமில்லாமல் ஏறும்.

பவுடரில் பெரும்பாலும் இருப்பது அர்ஜினின். செல்லுக்குள் அது ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. குறை அந்த நொதியிலும், உண்டான நைட்ரிக் ஆக்சைடு சீக்கிரம் அழிவதிலும்தான். மாரடைப்பு வந்தவர்களுக்கு அர்ஜினின் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. பயன் இல்லை, அர்ஜினின் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், மற்ற பிரிவில் யாரும் இறக்கவில்லை. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

இதைவிட எனக்கு அதிக பயம் தருவது வேறொன்று. ‘சக்தி’ தரும் என்று விற்கும் பவுடர், லேகியங்களில் லேபிளில் சொல்லாமல் சில்டெனாஃபில் (வயாகராவில் உள்ள மருந்து) கலந்திருந்ததைப் பல நாடுகளில் சோதனையில் கண்டிருக்கிறார்கள். அது சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. அப்பாவின் ஐசோசார்பைடு நைட்ரிக் ஆக்சைடாக மாறி அதே சைக்ளிக் ஜிஎம்பியைப் பெருக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று விழும், உயிரே போகலாம். அப்பாவிடம் இதைப் பேச உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் டாக்டரைச் சொல்லச் சொல்லுங்கள், ஆனால் சொல்லாமல் விடாதீர்கள்.

பீட்ரூட்டிலும் கீரைகளிலும் உள்ள நைட்ரேட்டை நாக்கின்மேல் வாழும் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்ற, அதிலிருந்து உடம்பில் கொஞ்சம் நைட்ரிக் ஆக்சைடு பிறக்கிறது. பிரஷர் சற்றே குறையும்; மாத்திரைக்கு ஈடாகாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் பொட்டாசியம் காரணமாக அளவு பார்க்க வேண்டும். உள் அடுக்குக்கு நிஜமாகவே நல்லது செய்வது தினசரி நடை. ரத்தம் உரச உரச அந்த நொதி பெருகும். வெற்றிலை போடும் பழக்கமிருந்தால் புகையிலையை மட்டுமாவது விடச் சொல்லுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்து உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும்.

நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கும்போது அப்பா கட்டாயம் உட்கார வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் தலைசுற்றி வரப்பில் விழுந்துவிடுவார். 5 நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108ஐ அழையுங்கள்.