பன்றியால் மூளைக்காய்ச்சல் பரவுமா? மழைக்காலத்துக்கு முன் கொட்டிலில் செய்ய வேண்டியவை

கேள்வி: கல்லல் பக்கம் கண்மாய்ப் பாசன வயலை ஒட்டி 12 வெண்பன்றித் தாய்களை வளர்க்கிறேன். மார்கழியில் ஈன்ற இரண்டு தலையீற்றுப் பன்றிகள் செத்த குட்டிகளைப் போட்டன. சில குட்டிகள் கருத்து, வற்றி, சிறிதும் பெரிதுமாக இருந்தன. அதே சமயம் பக்கத்து ஊரில் ஒரு பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ‘உன் பன்றியால்தான்’ என்று ஊரில் கொட்டிலை எடுக்கச் சொல்கிறார்கள். உண்மையா? கறி சாப்பிட்டால் பரவுமா? எல்லாவற்றையும் விற்றுவிடலாமா?

பதில்: ஊரார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் பன்றியின் ரத்தத்தில்தான் மளமளவென்று பெருகுகிறது. ஆனால் பன்றியைத் தொட்டோ, கறியைச் சமைத்துச் சாப்பிட்டோ இது வருவதில்லை. பன்றிக்கும் பிள்ளைக்கும் நடுவில் கொசு இருந்தாக வேண்டும். அந்தப் பிள்ளைக்கு வந்தது இதே நோய்தானா என்பதை ரத்தம் அல்லது தண்டுவட நீர்ப் பரிசோதனைதான் சொல்லும். மூளைக்காய்ச்சலுக்குக் காரணங்கள் பல உண்டு.

இந்த வைரஸின் சொந்த இடம் கொக்கு, மடையான் போன்ற நீர்ப்பறவைகள். அவற்றைக் கடித்த கியூலெக்ஸ் கொசு பன்றியைக் கடிக்கும்போது வைரஸ் பன்றிக்கு வருகிறது. அதன்பின் இரண்டிலிருந்து நான்கு நாள் வரை பன்றியின் ரத்தத்தில் வைரஸ் நிறைந்திருக்கும். அந்த நாட்களிலும் பன்றி நன்றாகத் தீவனம் எடுக்கும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அப்போது கடிக்கும் கொசுக்கள்தான் ஊருக்குள் நோயைக் கொண்டுபோகின்றன. மனித ரத்தத்திலும் மாட்டு ரத்தத்திலும் கொசுவுக்குத் தொற்றும் அளவுக்கு வைரஸ் பெருகுவதில்லை. அதனால் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அவரிடமிருந்து தொற்றாது. கொக்குகளை விரட்டுவதாலும் பயன் இல்லை.

வைரஸ் உடம்பில் ஏறிய சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் முற்றும். முற்றினால் கொடுமையானது: 100 பேரில் 30 பேர் வரை இறக்கலாம், பிழைப்பவர்களிலும் பலருக்குக் கைகால் முடக்கமோ வலிப்போ நிலைத்துவிடும். இதற்கென்று தனி மருந்து இல்லை. இந்தியாவில் 1955-இல் முதலில் அடையாளம் காணப்பட்டதே நம் வேலூர்ப் பகுதியில்தான்.

இனி உங்கள் பன்றிகள். சினைக்காலம் 114 நாள். மார்கழி நடுவில் ஈன்ற பன்றிக்குப் பின்னோக்கி எண்ணினால் 40-60 நாள் சினையாக இருந்தது ஐப்பசி மழைநாட்களில். இந்த வைரஸ் கருவைத் தாக்க அதுதான் ஏற்ற பருவம். ஒவ்வொரு குட்டியும் வெவ்வேறு நாளில் சாவதால்தான் அளவும் வேறுபடுகிறது. தலையீற்றுப் பன்றிகளுக்கு மட்டும் வந்ததும் பொருந்துகிறது, அவற்றுக்கு முன் எதிர்ப்புச் சக்தி கிடையாது. ஆனால் பார்வோ வைரஸும் இதே மாதிரிக் குட்டிகளைப் போட வைக்கும். புரூசெல்லா, லெப்டோஸ்பைரா கிருமிகளாலும் சினை கலையும், அவை இரண்டும் நேராக மனிதருக்கே தொற்றுபவை. எனவே கண்ணால் பார்த்து முடிவு கட்டக் கூடாது. இனி இப்படி நடந்தால் கையுறை போட்டுக் குட்டிகளை இரட்டைப் பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் சேருங்கள். மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அவர் அனுப்புவார். உறைய வைத்தால் திசுப் பரிசோதனைக்கு உதவாது. தாயின் ரத்தத்தை உடனே ஒரு முறையும், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுமுறையும் எடுக்கச் சொல்லுங்கள். எதிர்ப்பொருள் ஏறியிருக்கிறதா என்பதை இரண்டையும் ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். இந்தத் தாய்களைக் கழிக்க அவசரப்படாதீர்கள். காரணம் இந்த வைரஸ்தான் என்றால் அடுத்த ஈற்று பெரும்பாலும் சரியாக இருக்கும்.

தலையீற்றுப் பன்றிகளை ஜூலை முதல் வாரத்துக்குள் இணை சேர்த்துவிடுங்கள். அக்டோபர் பிறக்கும்போது 85 நாள் தாண்டியிருக்கும், அதன்பின் கருவுக்கு ஆபத்து குறைவு. தவறினால் மாசி வரை பொறுங்கள்.

கொட்டிலில் முதல் வேலை வலை. இந்தக் கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கும், ஒரு கிலோமீட்டருக்கு மேலும் சாதாரணமாகப் பறந்து போகும். அதனால் கொட்டிலை நூறு அடி தள்ளி வைப்பது ஊருக்குக் காட்டும் கணக்கு மட்டுமே. மூன்றடிச் சுவருக்கு மேல் கூரை வரை நான்கு பக்கமும் நைலான் கொசு வலை அடியுங்கள். துளை 1.2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. தோட்டத்துக்குப் போடும் பச்சை நிழல்வலையைக் கட்டிவிட்டுப் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள், அதில் கொசு தாராளமாக நுழையும். அடுத்துக் கோட்டைவிடும் இடம் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து, அதையும் வலையால் மூடுங்கள். சுருட்டும்படி அமைத்து மாலை 5 மணிக்கு இறக்கி, காலை 7 மணிக்கு ஏற்றுங்கள். பன்றிக்கு வியர்த்து உடம்பு குளிராது, பகலெல்லாம் வலையில் அடைத்தால் மூச்சிரைக்கும். இரவில் ஒரு மின்விசிறி இருந்தால் புழுக்கமும் குறையும், கொசுவும் கிட்டே வராது.

இரண்டாவது கழிவுநீர். கொட்டிலைச் சுற்றிய சாக்கடையிலும் சாணக் குழியிலும் கியூலெக்ஸ் முட்டையிடும். முட்டை கொசுவாக 7-10 நாள் ஆகும், ஆகவே ஐந்து நாளுக்கு ஒருமுறை சாக்கடையை ஒட்ட வடித்துக் காயவிட்டால் போதும். குழியை வடிக்க முடியாவிட்டால் பிடிஐ என்ற நுண்ணுயிர்ப் பொடியை உறையில் உள்ள அளவுப்படி தெளியுங்கள். பழைய என்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள், முதல் மழையில் அது கண்மாய்க்குப் போய்விடும். வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரை அள்ளிப் பாருங்கள். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் கியூலெக்ஸ் வகைப் புழு. நீர்மட்டத்தோடு படுத்துக் கிடந்தால் மலேரியா பரப்பும் அனாபிலிஸ் வகை.

வயலில் நட்ட முதல் சில வாரங்கள், பயிர் மூடாமல் வெயில் தண்ணீரில் விழும்போது புழு மிகுதி. யூரியா விழுந்ததும் இன்னும் பெருகும். அதனால் யூரியாவைத் தனியாகப் போடாமல், 5 பங்கு யூரியா, 4 பங்கு ஜிப்சம், 1 பங்கு வேப்பம்புண்ணாக்கு கலந்து மேலுரமாகப் போடுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மண் காயும் நாட்களில் புழு சாகும். ஆனால் ஒரு மடைக்குக் கீழ் உள்ள எல்லாரும் சேர்ந்து செய்தால்தான் பலன், அடைமழையில் நடக்கவும் நடக்காது. ஆகவே வலையைத்தான் முதலில் நம்புங்கள்.

விற்பது உங்கள் முடிவு. மழை தொடங்கிய பிறகு இளங்குட்டிகளைப் புதிதாக வாங்கி இறக்க வேண்டாம். பயந்துபோய் அடுத்த ஊர் நெல்வயல் ஓரத்தில் கொண்டுபோய் விடுவதும் ஆபத்தை இடம் மாற்றுவதுதான். வலை அடித்த கொட்டிலை ஊராரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

மனிதருக்குத் தடுப்பூசி உண்டு. நோய் கண்ட மாவட்டங்களில் 9-12 மாதத்தில் ஒன்று, 16-24 மாதத்தில் ஒன்று என அரசே இலவசமாகப் போடுகிறது. உங்கள் ஊர் அதில் வருகிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பன்றிகளோடு அன்றாடம் புழங்கும் நீங்களும் உங்கள் வீட்டாரும் போட்டுக்கொள்வது பற்றியும் அங்கேயே கேட்கலாம். பிள்ளைக்குக் கடும் காய்ச்சலோடு வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு, பேச்சில் தடுமாற்றம் இவற்றில் எது கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.