முதல் குதிரையேற்றப் போட்டிக்கு என்ன உடுத்துவது? தலையும் காலும் முதலில், கோட்டு அப்புறம்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. கோயம்புத்தூரில் இரண்டு வருடமாகக் குதிரையேற்றம் பழகுகிறாள். அடுத்த மாதம் பெங்களூரில் முதல் போட்டி. 70 சென்டிமீட்டர் உயரத் தடைகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங், குதிரையை வரையறுத்த அசைவுகளில் நடத்திக்காட்டும் தொடக்கநிலை டிரெஸ்ஸாஜ் இரண்டுக்கும் பெயர் கொடுத்திருக்கிறோம். கடையில் ‘ஃபுல் கிட்’ என்று சொல்லும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எது கட்டாயம், எதை விட்டுவிடலாம்? பயிற்சிப் பள்ளியில் இருக்கும் பழைய வெல்வெட் தொப்பி போதுமா? வெயிலில் கோட்டு போட்டுத்தான் ஆக வேண்டுமா?

பதில்: கடைக்குப் போகும் முன் போட்டியின் ப்ராஸ்பெக்டஸை, அதாவது விதிகளும் விவரங்களும் உள்ள அறிவிப்பை, வாங்கிப் படித்துவிடுங்கள். உடை பற்றி அதில் நாலைந்து வரிதான் இருக்கும். ஆனால் அன்றைக்கு களத்தின் வாசலில் நின்று உடையைச் சரிபார்க்கிற அலுவலரான ஸ்டூவர்ட் அந்த வரிகளை வைத்துத்தான் உங்கள் மகளைப் பார்ப்பார். பெரும்பாலான போட்டிகள் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ.யின் விதிகளை அடிப்படையாக வைத்துக்கொண்டு, தொடக்கநிலை வகுப்புகளுக்குக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கின்றன. எவ்வளவு தளர்த்தியிருக்கிறார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். அதைக் கடைக்காரரிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

உடை விதிகள் எல்லாம் ஒரே கண்டிப்பு உள்ளவை அல்ல. உயிரைக் காப்பதற்கான விதிகளில் யாரும் சலுகை தர மாட்டார்கள், தரவும் கூடாது. மற்றவை மரபு சார்ந்தவை. இங்கிலாந்தில் வேட்டைக்குப் போனவர்கள் போட்ட உடையின் மிச்சம் அவை. கழுத்தைச் சுற்றிக் கட்டும் வெள்ளை ‘ஸ்டாக்’ துணியைக்கூட, வேட்டையில் அடிபட்டால் கட்டுப்போட உதவும் என்றுதான் பழைய ஆட்கள் சொல்வார்கள். மரபு விதிகளை மதிக்க வேண்டும்தான், ஆனால் அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் பணத்தை முதலில் ஹெல்மெட்டுக்கும் பூட்ஸுக்கும் ஒதுக்குங்கள். கோட்டைச் சீனியர் பிள்ளைகளிடம் இரவல் வாங்கலாம்.

பள்ளியின் வெல்வெட் தொப்பிக்கு வருகிறேன். அது போதாது என்றே நினைக்கிறேன். வெளியே வெல்வெட் இருப்பது பிரச்சினை இல்லை, இன்றைய நல்ல ஹெல்மெட்டுகளிலும் வெல்வெட் உண்டு. தொப்பியைத் திருப்பி உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். பி.ஏ.எஸ். 015, வி.ஜி.1, ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 என்று ஏதாவது ஒரு தரக் குறியீடு இருக்க வேண்டும். ஈ.என். 1384 என்று மட்டும் இருந்தால் ஆண்டைப் பாருங்கள். அதன் பழைய பதிப்பு பல நாடுகளில் போட்டிக்குச் செல்லாது, 2017ஆம் ஆண்டுப் பதிப்பு வேறு. லேபிளே இல்லை, தாடைக்குக் கீழே ஒரு எலாஸ்டிக் மட்டும்தான் என்றால் அது வெறும் தொப்பி, ஹெல்மெட் இல்லை. பைக் ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதே என்று சில அப்பாக்கள் கேட்பார்கள். அதுவும் ஆகாது, சைக்கிள் ஹெல்மெட்டும் ஆகாது. குதிரையிலிருந்து விழுகிற விதமும் உயரமும் வேறு, குளம்படி படும் ஆபத்தும் உண்டு. அதற்கென்று சோதித்ததுதான் வேண்டும்.

பொதுத் தொப்பியில் இன்னொரு சிக்கல், அது எத்தனை முறை கீழே விழுந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு பலமான அடி பட்டாலே உள்ளே இருக்கும் நுரை அமுங்கிவிடும், வெளியே கீறல்கூடத் தெரியாது. அதனால்தான் இரண்டாம் கை ஹெல்மெட் வாங்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். காரின் பின்சீட்டில் வெயிலில் போட்டு வைக்கவும் வேண்டாம்.

அளவு பார்ப்பது எளிது. புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே டேப்பை வைத்துத் தலையைச் சுற்றி அளந்து, சென்டிமீட்டரில் சொல்லி வாங்குங்கள். போட்டபின் வாரை மாட்டாமல் ஹெல்மெட்டைப் பிடித்து மெதுவாக அசைத்தால் நெற்றித் தோலும் புருவமும் சேர்ந்து அசைய வேண்டும். ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் பெரிது. நெற்றியில் சிவப்புத் தடம் பதிந்து பிள்ளை முகம் சுளித்தால் சிறிது, அல்லது அந்த வடிவம் அவள் தலைக்குச் சேராது. முட்டைத் தலை, உருண்டைத் தலை என்று இருக்கிறதல்லவா, கம்பெனிக்குக் கம்பெனி வார்ப்பும் மாறும். ஆன்லைனில் வாங்காமல் நேரில் போட்டுப் பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் முடி ஒரு தனி விவகாரம். அடர்த்தியான நீள முடியை உச்சியில் கொண்டையாகப் போட்டுவிட்டு ஹெல்மெட்டைக் கவிழ்த்தால் அது தலையில் உட்காராது, கொண்டையின் மேல் உட்காரும். முதல் தாண்டுதலிலேயே முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும். பின்கழுத்துக்குக் கீழே தாழ்வாகப் பின்னி, மடித்து வலை போட்டுவிடுங்கள். பின்னலைத் தொங்கவிட்டால் சில இடங்களில் ஸ்டூவர்ட் திருப்பி அனுப்புவார். எப்படிப் பின்னப்போகிறீர்களோ அதே பின்னலோடுதான் கடைக்கும் அழைத்துப் போக வேண்டும். போட்டிக்கு முதல் நாள் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். வழுக்கும், வேர்வையோடு சேர்ந்து நெற்றியில் வழியவும் செய்யும்.

ஷோ ஜம்பிங்கில் ஒரு விதியை மகளுக்கு இப்போதே சொல்லிப் பழக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெல்மெட் கழன்றாலோ தாடை வார் அவிழ்ந்தாலோ நின்று சரிசெய்ய வேண்டும். நின்றதற்குத் தண்டப் புள்ளி கிடையாது, ஆனால் கடிகாரம் ஓடும். நிற்காமல் வார் தொங்கத் தொங்க அடுத்த தடையைத் தாண்டினால் எலிமினேஷன், அதாவது போட்டியிலிருந்து நீக்கம். தடைக்கு ஓரிரு எட்டு முன்னால் அவிழ்ந்து, நிற்பதே ஆபத்து என்ற நிலைமைக்கு மட்டும்தான் விலக்கு. முதல் போட்டியில் பிள்ளைகளுக்கு நேரம் போகிறதே என்ற பதற்றம்தான் பெரிதாக இருக்கும். பயிற்சியிலேயே ஒருமுறை வேண்டுமென்றே நிறுத்தச் சொல்லி, வாரை மாட்டிக்கொண்டு தொடரச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், பரிசளிப்பின்போது பெற்றோர்கள் வேலிக்கு வெளியே நின்றுகொண்டு “ஹெல்மெட்டைக் கழட்டு, முகம் தெரியல” என்று போட்டோவுக்காகக் கத்துவது. குதிரை மேல் இருக்கும்வரை ஹெல்மெட் தலையில், வார் மாட்டியபடி இருக்க வேண்டும். போட்டிக் களத்தில் மட்டுமல்ல, வார்ம்-அப் திடலிலும் அதேதான். கைதட்டலுக்குக் குதிரை மிரளும் நேரமே அதுதான். படம் வேண்டுமானால் இறங்கி நின்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கண்டிப்பு ரொம்பப் பழையது அல்ல. டிரெஸ்ஸாஜில் நேற்றுவரை பெரிய ரைடர்கள் உயரமான பட்டுத் தொப்பியோடுதான் வந்தார்கள். 2008 ஒலிம்பிக்கில் ஆடிய அமெரிக்க வீராங்கனை கோர்ட்னி கிங்-டை 2010இல் பயிற்சியின்போது குதிரை இடறி விழுந்து தலையில் அடிபட்டு வாரக்கணக்கில் கோமாவில் கிடந்தார். அன்று அவர் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் பேச்சு மாறியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஷார்லட் டுஜார்டின் ஹெல்மெட்டோடு வந்து தங்கம் வாங்கினார். 2021 முதல் எஃப்.இ.ஐ. போட்டிகளில் பட்டுத் தொப்பிக்கு இடமில்லை. எனவே டிரெஸ்ஸாஜுக்குத் தனித் தொப்பி வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் சிரித்துவிட்டு வாருங்கள். இரண்டுக்கும் ஒரே ஹெல்மெட் போதும்.

இனி கால். வழவழப்பான அடிப்பாகம், சிறிய குதிகால், இவை இரண்டும்தான் பூட்ஸில் முக்கியம். குதிகால் இல்லாத ஸ்போர்ட்ஸ் ஷூ அங்கவடிக்குள் முழுதாக நுழைந்துவிடும். விழுந்தால் கால் மாட்டிக்கொண்டு குதிரை இழுத்துப்போகும். பள்ளத்தாக்கு போல அடிப்பாகம் வெட்டிய ட்ரெக்கிங் ஷூவும் அதே ஆபத்துதான். பூட்ஸைப் போட்டு அங்கவடியில் வைத்தால் இரு பக்கமும் சுண்டுவிரல் அளவு இடைவெளி இருக்கட்டும். பள்ளிக் குதிரையின் அங்கவடி அவள் புது பூட்ஸுக்குக் குறுகலாக இருக்கலாம். அதைப் போட்டியன்று காலையில் கண்டுபிடிக்க வேண்டாம்.

முழங்கால்வரை வரும் நீள பூட்ஸ் இப்போது தேவையில்லை. 13 வயதில் வாங்கினால் அடுத்த வருடம் சேராது. கணுக்கால் பூட்ஸும் அதே நிறத்தில் வழவழப்பான தோல் கெய்ட்டரும் (கெண்டைக்காலைச் சுற்றி மாட்டும் உறை) பெரும்பாலான தொடக்கநிலைப் போட்டிகளில் செல்லும், ப்ராஸ்பெக்டஸில் மட்டும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். டெக்கத்லான் கடையின் ஃபூகான்சா வகையில் இவை நியாயமான விலைக்குக் கிடைக்கும். பிற்பாடு நீள பூட்ஸ் வாங்கும்போது கான்பூரில் அளவுக்குத் தைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். புதிதில் முழங்காலுக்குப் பின்னால் கொஞ்சம் உயரமாக இடித்தால் பயப்படாதீர்கள், கணுக்காலில் மடிப்பு விழுந்து தோல் கொஞ்சம் இறங்கிவிடும். பாலிஷ் போடும்போது சேணத்தில் உரசும் உட்பக்கத்தை விட்டுவிடுங்கள். வழுக்கும், சேணமும் கறையாகும்.

பிரீச்சஸ், அதாவது காலோடு ஒட்டிய குதிரையேற்றப் பேன்ட், வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் பழுப்பு. டிரெஸ்ஸாஜுக்கு வெள்ளை ஒத்துப்போகும், ஜம்பிங்குக்கும் அதுவே செல்லும், ஒன்று வாங்கினால் போதும். வெள்ளைக்கு உள்ளே வெள்ளை உள்ளாடை போட்டால் பளிச்சென்று தெரியும், தோல் நிறத்தில் போடச் சொல்லுங்கள். குதிரை மேல் ஏறும்வரை மேலே ஒரு தொளதொளப்பான ட்ராக் பேன்ட் இருக்கட்டும். புல் தின்ற குதிரை பச்சை எச்சிலோடு வந்து அன்பாக முகத்தைத் தேய்ப்பது சரியாக வெள்ளை உடைமேல்தான்.

இப்போது கோட்டு. கறுப்பு அல்லது கருநீலம் வாங்கினால் இரண்டு போட்டிக்கும் சரி. சிவப்பு வேண்டாம், அது பெரும்பாலும் நாட்டு அணிக்கு ஆடுபவர்கள் போடுவது. முதல் போட்டிக்கு வரும் பிள்ளை போட்டால் பார்ப்பவர்கள் புருவம் தூக்குவார்கள். ராணுவம், போலீஸ் அணியினர் தங்கள் சீருடையில் வருவதைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம், அவர்களுக்கு அது அனுமதிக்கப்பட்டது. உங்கள் பயிற்சிப் பள்ளிக்குச் சொந்த பிளேசர் இருந்தால் அதை ஏற்பார்களா என்று அமைப்பாளரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலை போனில் வைத்திருங்கள்.

வெயில் கடுமையாக இருந்தால் கோட்டு வேண்டாம் என்று நடுவர் குழு அறிவிக்கலாம், நம் பக்கம் அடிக்கடி நடப்பதுதான். அறிவிப்பு வராமல் நாமாகக் கழற்றக் கூடாது. உடை சரியில்லாதவரைக் களத்தில் இறங்கவிடாமல் மறுக்க நடுவர் குழுவுக்கு அதிகாரம் உண்டு. கோட்டைக் கழற்றினால் உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதையும் யோசித்து வாங்குங்கள். வெள்ளைக் காலர் வைத்த சட்டையாக இருக்க வேண்டும். அரைக்கை பரவாயில்லை, கையில்லாதது கூடாது. முழுக்கை என்றால் கஃப்பும் வெள்ளை. காற்றோட்டமான அரைக்கை ஷோ ஷர்ட் நம் தட்பவெப்பத்துக்குப் போதும்.

கையுறை டிரெஸ்ஸாஜுக்கு வேண்டும், வெள்ளையோ கோட்டின் நிறமோ. ஜம்பிங்கில் சாட்டை 75 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. டிரெஸ்ஸாஜ் சாட்டை நீளமானது, அதைக் கையில் வைத்துக்கொண்டு வார்ம்-அப்பில் தடை தாண்டினாலே சிக்கல். இந்த நிலையில் ஸ்பர்ஸ் (குதிரையைத் தூண்ட பூட்ஸின் குதிகாலில் மாட்டும் உலோக முள்) வேண்டவே வேண்டாம். ஜம்பிங்குக்கு, விழுந்தால் உடம்பைக் காக்கும் மெத்தை வைத்த பாடி ப்ரொடெக்டரை விதி கேட்காவிட்டாலும் நான் போடச் சொல்வேன். ஈ.என். 13158, லெவல் 3 என்று லேபிளில் இருக்கட்டும். உட்கார்ந்தால் பின்விளிம்பு சேணத்தில் இடிக்கக் கூடாது. பின்னாளில் ஈவென்டிங் என்ற மும்முனைப் போட்டியின் கிராஸ்-கன்ட்ரிக்கு, அதாவது திறந்தவெளியில் தடை தாண்டும் பகுதிக்கு, போனால் அது கட்டாயமாகிவிடும், பணம் வீணாகாது.

நகை விஷயத்தில் ஜிமிக்கி, வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாம் வீட்டிலேயே. கொலுசையும் மறக்காமல் கழற்றுங்கள். பூட்ஸுக்குள் அழுத்தி, சுற்று முடிவதற்குள் தோலை உரித்துவிடும். காதோடு ஒட்டிய சிறு கம்மலை அனுமதிக்கிற இடமும் உண்டு, அனுமதிக்காத இடமும் உண்டு.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வாசலில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவது அநேகமாக நீங்கள்தான். செருப்போடு வராதீர்கள், மூடிய ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.