கேஸ் மாத்திரையால் அமுங்கிப்போகும் அறிகுறி

கேள்வி: என் தந்தைக்கு 68 வயது. இரண்டு ஆண்டுகளாக மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். நான்கு இட்லி சாப்பிட்டவர், இப்போது ஒன்றரை இட்லியிலேயே வயிறு நிரம்பிவிட்டது என்கிறார். பெரியப்பா இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார். அப்பா காரம் அதிகம் சாப்பிடுவதுதான் காரணமா? முழு உடல் பரிசோதனை செய்தால் போதுமா?

பதில்: காரம்தான் காரணமா என்ற ஆராய்ச்சியை விட்டுவிடுங்கள், உங்கள் தந்தைக்கு இந்த வாரமே எண்டோஸ்கோபிக்கு (வாய்வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி இரைப்பையைப் பார்க்கும் சோதனை) ஏற்பாடு செய்யுங்கள். அறுபதைக் கடந்த வயது, உடன்பிறந்தவருக்கு இரைப்பைப் புற்றுநோய், புதிதாக வந்த பசிக்குறைவு ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருக்கும்போது காத்திருந்து பார்ப்பது சரியல்ல.

சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 1980களிலும் 1990களிலும் ஆண்களிடையே முதலிடத்தில் இருந்தது இந்த நோய்தான். இதற்கு முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. சிறுவயதில் தொற்றி, இரைப்பையின் உட்சவ்வைப் பல பத்தாண்டுகளாக நலியச் செய்வதால்தான் முதுமையில் நோய் தலைகாட்டுகிறது. கருவாடு, ஊறுகாய் போன்ற உப்பு மிகுந்த உணவும் புகையிலையும் அந்தச் சேதத்தைக் கூட்டுகின்றன.

கேஸ் மாத்திரைகள் அமிலத்தைக் குறைப்பதால், புற்றுப்புண்ணின் வலியும் சில மாதங்களுக்கு அடங்கிவிடக்கூடும். நோயாளி குணமாகிவிட்டதாக நம்பியிருக்க, கட்டி வளர்ந்துகொண்டிருக்கும். மருத்துவரின் சீட்டே இல்லாமல் இவற்றை அட்டை அட்டையாக விற்பதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அடுத்து, நீங்கள் கேட்ட முழு உடல் பரிசோதனை, அதாவது வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் பரிசோதனைத் தொகுப்பு. அதிலுள்ள புற்றுநோய்க் குறியீடுகள் தொடக்கநிலை நோயில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். கிருமிக்கான ரத்தப் பரிசோதனையோ, கிருமி ஒழிந்த பிறகும் நெடுநாள் 'இருக்கிறது' என்றே காட்டும். தரகுக்காக இதைப் பரிந்துரைப்பவர்களின் பேச்சைக் கேட்டுப் பணத்தை இழக்காதீர்கள். எண்டோஸ்கோபியில் எடுக்கும் சதைத்துணுக்கிலேயே கிருமி, புற்று இரண்டையும் பார்த்துவிடலாம்.

தந்தையின் மேல்வயிற்றில் பழைய அறுவைத் தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பு அல்சருக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, மீதியைச் சிறுகுடலுடன் இணைப்பது வழக்கம். அப்படிச் செய்துகொண்டவர்களுக்கு 15, 20 ஆண்டுகளுக்குப் பின் எஞ்சிய இரைப்பையில் புற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. 'அது அந்தக் காலத்து ஆபரேஷன்' என்று பெரியவர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மருத்துவமனையிலும் சட்டையை விலக்கி வயிற்றைப் பார்க்காமலேயே சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறார்கள். தழும்பு இருந்தால் நீங்களே காட்டுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் இரைப்பை, குடல் பிரிவில் எண்டோஸ்கோபி செய்யப்படுகிறது. பல வாரங்கள் கழித்து நாள் குறித்தால், எடை குறைந்திருந்தாலோ மலம் தார்போல் கறுப்பாகப் போனாலோ அதை எடுத்துச் சொல்லி, இன்னும் முன்னதாக ஒரு தேதி கேளுங்கள், தயங்க வேண்டாம். முந்தைய இரவு உணவுக்குப் பின் எதுவும் சாப்பிடாமல் வெறும் வயிற்றுடன் அழைத்துச் செல்லுங்கள். இதயத்துக்காக ரத்தம் உறையாதிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், நீங்களாக நிறுத்தாமல், நாள் வாங்கும்போதே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.