இலையில்லாக் கொடியும் வெனிலாவும்: கேள்வி-பதில்

வேளிமலை அடிவாரத்தில் எங்கள் விளையின் பாறைமேல் இலையே இல்லாத பச்சைக்கொடி படர்கிறது. காட்டு வெனிலாவா?

இருக்கலாம். தண்டு நாலு பட்டையாக இருந்து, கணுவில் சுருளும் இருந்தால் அது பிரண்டை. ஒடித்ததும் பால் வடிந்தால் கொடிக்கள்ளி. தண்டு உருண்டு, கணுவுக்குக் கணு சதைப்பற்றான வேர் பாறையைக் கவ்வியிருந்தால் வெனிலா வாக்கரியேயாக இருக்க வாய்ப்புண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் இனம் அது. இலை இல்லாததால் வறட்சி தாங்கும். இலை செய்யும் உணவுச் சமையலை எல்லாம் பச்சைத் தண்டே பார்த்துக்கொள்ளும். உங்கள் பட்டா நிலம் என்றால் ஒரு மீட்டர் தண்டு வெட்டி, அடிக் கணுக்கள் மூன்றை மட்டும் இலைமக்கில் படுக்கவைத்து வேறு நிழலிலும் வளருங்கள். தாய்க்கொடி அங்கேயே இருக்கட்டும். ரிசர்வ் காட்டில் இருப்பதைப் பிடுங்கினால் வழக்குதான்.

கமுகுத் தோப்பில் வெனிலாவுக்கு வேரழுகல். பிரேசில் திப்பலியில் மிளகை ஒட்டுவதுபோல் காட்டுக்கொடியில் ஒட்டலாமா? (குலசேகரம்)

நல்ல யோசனை, ஆனால் ஒட்டாது. மிளகுத் தண்டில் திசு சேர வழியுண்டு. வெனிலா ஆர்க்கிட், ஒருவித்திலைத் தாவரம். மா, பலாபோல் அதற்கு ஒட்டுக்கட்ட முடியாது. காட்டு இனத்தின் குணத்தை மகரந்தக் கலப்பில்தான் கொண்டுவர வேண்டும். கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் சாகுபடி வெனிலாவை அஃபில்லா என்ற இலையில்லாக் காட்டு வெனிலாவோடு கலந்து பார்த்திருக்கிறது. தோட்ட வெனிலா எல்லாம் தண்டு வெட்டி வெட்டிப் பெருக்கியது, கிட்டத்தட்ட ஒரே கொடியின் நகல்கள். அதனால்தான் வேரழுகல் தரும் ஃபியூசேரியம் பூஞ்சை வந்தால் தோப்பே சேர்ந்து சாய்கிறது.

இப்போதைக்கு அழுகிய பகுதியை வெட்டி எரியுங்கள். தண்ணீர் தேங்க விடாதீர்கள். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த மக்கிய சாணத்தை மூடாக்கின் கீழ் போடுங்கள். வேர் மேல்மண்ணிலேயே ஓடுவதால் மண்வெட்டி மட்டும் வேண்டாம்.

காட்டு வெனிலாக் காய் விலை போகுமா? (திருவட்டார்)

போகாது. சந்தை கேட்கும் மணம் அமெரிக்க இனங்களில்தான். 2003 வாக்கில் விலை ஏறியதைப் பார்த்து நட்டு, பின்னால் கையைப் பிசைந்தவர்களில் நானும் ஒருவன். அதனால் காட்டுக்கொடியை வைத்து வருமானக் கணக்குப் போடாதீர்கள்.

என் கொடி பூக்கிறது, காய் மட்டும் பிடிப்பதில்லை. (பேச்சிப்பாறை)

கைமகரந்தம் செய்தீர்களா? 1841-இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த வழிதான் இன்றைக்கும். காலையில் பூ விரிந்ததும் ஈர்க்குச்சியால் நடுவிலுள்ள சின்னச் சவ்வைத் தூக்கி, மகரந்தத்தைச் சூலக முடியில் பெருவிரலால் அழுத்துங்கள். மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் அந்தப் பூ மறுநாள் இருக்காது.