கோபக்கார மகனை முகாமுக்கு அனுப்பலாமா?

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: பத்தாவது படிக்கும் மகன் கோபம் வந்தால் தட்டை வீசுகிறான், பிளஸ் ஒன் படிக்கும் மகள் வாயே திறப்பதில்லை. பத்து நாள் ‘ஆளுமைப் பயிற்சி’ முகாமில் இருவரும் சரியாகிவிடுவார்கள் என்று ஒருவர் பணம் கேட்கிறார். அனுப்பலாமா?

வேண்டாம், அம்மா. இப்படிப்பட்டவர்கள் பொதுத்தேர்வு நெருங்கும்போது ஊர் ஊராக வருவார்கள். ஒருவர் முகாம் என்பார், ஒருவர் ஞாபகசக்தி மாத்திரை என்பார், இன்னொருவர் தாயத்து. முகாமில் மிரட்டி அடக்கினால் பிள்ளை கோபத்தை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். மருத்துவ உளவியல் நிபுணர் என்று யார் சொன்னாலும், அவர்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

உணர்ச்சியைத் தூண்டும் மூளைப் பகுதி இந்த வயதில் வேகமாக இருக்கும். அதை நிதானிக்கும் பகுதி முழுதாக முதிர 25 வயதுவாக்கில் ஆகிவிடும். அதனால் தட்டு பறக்கும் நேரத்தில் புத்தி சொல்லாதீர்கள், ஏறாது. அடங்கிய பிறகு, வண்டியில் போகும்போதோ தோட்டத்தில் வேலை செய்யும்போதோ, “வகுப்பில் யாராவது அவமானப்படுத்தினார்களா?” என்று கேளுங்கள். கோபத்துக்கு அடியில் பெரும்பாலும் அவமானமோ பயமோ இருக்கும். கோபப்படலாம், வீசக்கூடாது, சிதறியதை அவனே கூட்டி அள்ளட்டும். அப்பாவும், “இன்றைக்கு மனசு சரியில்லை, கொஞ்சம் தனியாக இருக்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லட்டும். பையன் அதைப் பார்த்துத்தான் பழகுவான்.

மகள் எப்போதாவது வாய் திறந்து ஏதாவது சொன்னால், அதைச் சித்தியிடம் சொல்லாதீர்கள். ஒருமுறை வெளியே போனால் அப்புறம் அவள் பேசவே மாட்டாள்.

பள்ளி உதவுமா என்றால், விளையாட்டு பீரியடைக் கூடக் கணக்குக்குப் பிடுங்கிக்கொள்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைத் தவிரப் பேச்சில்லை. பிள்ளை தூங்குகிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. எத்தனை வருடம்தான் இதையே சொல்வது?

ஆனால் ஒன்று. இரண்டு வாரமாகச் சாப்பாடு, தூக்கம் கெட்டிருந்தால், கையைக் கீறிக்கொண்டால், “நான் இருந்து என்ன” என்ற பேச்சு வந்தால், வீட்டு வைத்தியம் போதாது. “சாக வேண்டும்போலத் தோன்றுகிறதா?” என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்தையும் எலிமருந்தையும் அன்றைக்கே பூட்டிவையுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

முகாமுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டாலும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.