நூற்று நாற்பது பவுண்டு தேவாலயம்

அன்புள்ள ஐயா,

என் மகள் ரெடிங்கில் இருக்கிறாள். ஆகஸ்டில் நானும் கணவரும் அவளிடம் போகிறோம். லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, ஸ்டோன்ஹெஞ்ச் என்று மருமகன் ஏற்கெனவே பட்டியல் போட்டுவிட்டார். தேம்ஸ் கரையில் உள்ள டார்செஸ்டரைப் பற்றி நீங்கள் எப்போதோ இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதைச் சொன்னால், "அது சின்ன கிராமம் அத்தை, ஒரு சர்ச்சும் ஒரு டீக்கடையும்தான்" என்கிறார். படத்தில் பார்த்தேன், சர்ச் ஊரைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அவ்வளவு சின்ன ஊருக்கு எதற்கு அவ்வளவு பெரிய சர்ச்? ஒரு நாளை அதற்குக் கொடுக்கலாமா? கணவருக்கு முழங்கால் வலி, மேடு ஏற முடியாது.

வி.

அன்புள்ள வி.,

தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் மருமகன் காரில் வழி போடும்போது 'டார்செஸ்டர் ஆன் தேம்ஸ்' என்று முழுப் பெயரையும் போடட்டும். வெறும் டார்செஸ்டர் என்று போட்டால் தெற்கே டார்செட்டில் இருக்கும் இன்னொரு ஊரில் கொண்டுபோய் விட்டுவிடும். நம் ஊர் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தென்கிழக்கே சுமார் 13 கிலோமீட்டரில், தேம் என்ற சிற்றாறு தேம்ஸில் வந்து சேரும் இடத்தை ஒட்டி இருக்கிறது. ரயில் நிலையம் கிடையாது.

உங்கள் கேள்வி சரியான கேள்வி. அந்த ஊருக்கு அவ்வளவு பெரிய தேவாலயம் தேவையே இல்லை. ஒரு காலத்தில் தேவைப்பட்டது. ரோமானியர் காலத்தில் அது மதில் சூழ்ந்த சிறு நகரம். அப்புறம் 635இல், போப் அனுப்பிய பிரினஸ் என்ற பிஷப், தெற்கே இருந்த வெசெக்ஸ் நாட்டு மன்னர் கினெகில்ஸுக்கு இங்கே ஞானஸ்நானம் கொடுத்தார். ஞானத்தந்தையாக நின்றவர் வடக்கே நார்தம்ப்ரியாவின் அரசர் ஆஸ்வால்ட். அவரே அந்த மன்னரின் மகளையும் கல்யாணம் செய்துகொண்டார். பக்தியும் படைக்கூட்டணியும் ஒரே நாளில் முடிந்த காரியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிரினஸுக்கு இந்த ஊர் பிஷப்பின் இருப்பிடமாகக் கிடைத்தது. சில பத்தாண்டுகளில் அந்தப் பதவி வின்செஸ்டருக்குப் போயிற்று. பின்னாளில் வேறொரு பிஷப் இங்கே வந்து அமர்ந்தார். அவருடைய எல்லை வடக்கே ஹம்பர் ஆறு வரை நீண்டிருந்தது. 1070களில் நார்மன் பிஷப் ரெமிஜியஸ் அதையும் லிங்கனுக்கு எடுத்துப்போனார். மிஞ்சிய இடத்தில் 1140 வாக்கில் அகஸ்டீனியத் துறவிகளின் மடம் எழுந்தது. நீங்கள் படத்தில் பார்த்தது அந்த மடத்தின் தேவாலயத்தைத்தான்.

அது இன்னும் நிற்பதுதான் அதிசயம். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது 1536இல் இதுவும் மூடப்பட்டது. அப்படி மூடிய கட்டடங்களில் கூரை ஈயத்தை உருக்கி விற்பார்கள், கல்லை ஊரார் வீடு கட்ட அள்ளிப் போவார்கள். மற்ற மடங்களின் கதி தெரிய வேண்டுமென்றால் உங்கள் மகளின் ஊரிலேயே பாருங்கள். முதலாம் ஹென்றி மன்னரை அடக்கம் செய்த பெரிய மடம் ரெடிங்கில் இருந்தது. இன்று அது மொட்டைச் சுவர்களாக நிற்கிறது. டார்செஸ்டரில் ரிச்சர்ட் பியூஃபாரஸ்ட் என்ற உள்ளூர்ப் பணக்காரர் 140 பவுண்டு கொடுத்துத் தேவாலயத்தின் கிழக்குப் பகுதியை விலைக்கு வாங்கினார். அன்றைக்கு அது பெரிய தொகை. 1554ஆம் ஆண்டு உயிலில் அதை ஊருக்கே எழுதிவைத்தார். புண்ணியக் கணக்கோ ஊர்ப்பற்றோ, அவர் வாங்கியிருக்காவிட்டால் மருமகன் சொன்ன டீக்கடை மட்டும்தான் இருந்திருக்கும்.

உள்ளே போனதும் வடக்குப் பக்கத்து ஜன்னலைத் தேடிப் போங்கள். 1340 வாக்கில் செய்தது. தாவீதின் தகப்பனான ஈசாய் அடியில் படுத்திருக்கிறார். அவர் உடலிலிருந்து மரம் கிளம்புகிறது. இயேசுவின் வம்சாவளியை இப்படி மரமாகக் காட்டுவது ஐரோப்பாவில் சகஜம், பெரும்பாலும் கண்ணாடியில் வரைந்திருப்பார்கள். இங்கே ஜன்னலின் நடுக்கல்லே அடிமரம், குறுக்குக் கல்லெல்லாம் கிளை. கிளைகளில் அரசர்களும் தீர்க்கதரிசிகளும் சின்னச் சின்னக் கல் உருவங்களாக நிற்கிறார்கள், இடையிலுள்ள கண்ணாடியிலும் உருவங்கள். சில உருவங்கள் சிதைந்துவிட்டன. வெயில் அந்தப் பக்கம் நேராக விழாது, கண் பழக நேரம் கொடுங்கள்.

தெற்கே 13ஆம் நூற்றாண்டு வீரன் ஒருவனின் கற்சிலை படுத்திருக்கிறது. கல்லறைச் சிலை என்றால் கைகூப்பியிருப்பதுதான் வழக்கம். இவன் உடம்பை முறுக்கி வாளை உருவிக்கொண்டிருக்கிறான். செத்த பிறகும் சண்டை! 12ஆம் நூற்றாண்டின் ஈய ஞானஸ்நானத் தொட்டியும் இருக்கிறது, அதில் அப்போஸ்தலர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். உருக்கி விற்பவர்களிடமிருந்து எப்படியோ தப்பியிருக்கிறது. தரையில் சாரா ஃபிளெட்சர் என்ற பெண்ணின் கல்லையும் தவறவிடாதீர்கள். 1799இல், 29 வயதில் இறந்தவர். அளவுமீறிய மென்மனத்துக்குப் பலியானார் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். கணவன் இன்னொருத்தியை மணக்கப் போனதால் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பது ஊரில் சொல்லும் கதை. கணவனைப் பற்றிக் கல்லில் ஒரு குறையும் இல்லை. பழியெல்லாம் அவள் நரம்புகளுக்கு.

பெரும்பாலானவர்கள் இதோடு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு இந்த ஊரில் அதிகம் பிடித்தது ஊருக்கு வெளியே இருக்கிறது. தெற்கே வயல் வழியாகக் கொஞ்சம் நடந்தால் டைக் ஹில்ஸ். பெயரில்தான் மலை. இரட்டை மண்கரை, நடுவே அகழி, அவ்வளவுதான். இரும்புக்கால மக்கள் போட்டது. மற்றப் பக்கங்களில் தேம்ஸும் தேமும் வளைத்துக்கொள்ள, திறந்த பக்கத்தை மட்டும் கரை போட்டு அடைத்திருக்கிறார்கள். வழி சமதளம். உங்கள் கணவர் மெதுவாக வரலாம், கரைமேல் ஏற வேண்டியதில்லை.

1870 வாக்கில் நிலத்தின் சொந்தக்காரர் இந்தக் கரையை வெட்டிச் சமன்செய்து உழத் தொடங்கினார். அவர் நிலம், கேட்க யாருக்கும் சட்டப்படி உரிமையில்லை. அறிஞர்கள் கூச்சல் போட்டார்கள். அவர்களில் ஒருவர் பின்னாளில் பிட் ரிவர்ஸ் என்று அறியப்பட்ட ராணுவ அதிகாரி. ஜான் லப்பக் என்ற எம்.பி. ஆண்டுக்கணக்கில் போராடி 1882இல் தொல்சின்னங்களைக் காக்கும் முதல் பிரிட்டிஷ் சட்டத்தைக் கொண்டுவந்தார். அந்த வாதத்துக்கு டைக் ஹில்ஸ் நல்ல உதாரணமாகப் பயன்பட்டது. சட்டப்படி நியமிக்கப்பட்ட முதல் ஆய்வாளர் யார் தெரியுமா? அதே பிட் ரிவர்ஸ். 1884இல் லப்பக் அவருக்கு மருமகனும் ஆனார்.

சட்டம் வந்தும் எல்லாம் தப்பவில்லை. ஊருக்கு வடக்கே புதிய கற்காலத்தின் பெரிய மண்வட்டம் ஒன்றும், ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிகமாக நீண்ட இணைப் பள்ளங்களும் இருந்தன. 20ஆம் நூற்றாண்டில் சரளைக்கல் தோண்டியே அவற்றைப் பெரும்பாலும் தின்றுவிட்டார்கள். அழிவதற்கு முன் 1940களில் அங்கே அவசர அகழாய்வு செய்த ரிச்சர்ட் அட்கின்சன்தான் பிறகு ஸ்டோன்ஹெஞ்சைத் தோண்டினார். நீங்கள் ஸ்டோன்ஹெஞ்சுக்கும் போகிறீர்களே, அதனால் சொல்கிறேன்.

டைக் ஹில்ஸிலிருந்து பார்த்தால் ஆற்றுக்கு அப்பால் மரக்கொத்து வைத்த இரண்டு குன்றுகள் தெரியும், விட்டன்ஹாம் கிளம்ப்ஸ். ஓவியர் பால் நேஷ் இளம் வயதிலிருந்து கடைசிக் காலம் வரை திரும்பத் திரும்ப வரைந்த குன்றுகள். மகளும் மருமகனும் ஏறட்டும், நீங்கள் இருவரும் கீழே டேஸ் லாக்கில் உட்கார்ந்து படகுகளுக்கு மதகுக் கதவு திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

இவ்வளவும் சொல்லி மருமகன் சம்மதிக்காவிட்டால், பக்கத்திலேயே வாலிங்ஃபோர்டில் இடிந்த கோட்டை ஒன்று இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். கோட்டை என்றால் காரை எடுத்துவிடுவார்.