மட்டை அரிசியை எத்தனை தண்ணீரில் கழுவ வேண்டும்?

சென்னையிலிருந்து பாலக்காட்டுக்குக் குடிவந்தவரின் கேள்வி: மட்டை அரிசி (கேரளத்துச் சிவப்புப் புழுங்கலரிசி) கழுவக் கழுவச் சிவப்பாகவே வருகிறது, சாயமா? சோறும் நடுவில் வேகவில்லையே?

அது தவிட்டின் நிறம். தண்ணீர் தெளியும்வரை தேய்த்துக் கழுவாதீர்கள், தவிட்டோடு சத்தும் போய்விடும். ஆனால் இரண்டு தண்ணீரிலேயே அரிசி வெளுத்துப்போனால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

முதல் தண்ணீரை ஒரு கலக்குக் கலக்கி உடனே கொட்டிவிடுங்கள். உமியும் தூசியும் மிதந்து போகும். பிறகு கையால் மெதுவாக அலசி இரண்டு மூன்று தண்ணீர் போதும். கல் இருந்தால் அரிக்கன்சட்டியில் அரித்தெடுங்கள். இரண்டாம் கழுநீரை எடுத்துவைத்துப் புளி கரைக்கலாம், குழம்பு நன்றாகச் சேர்ந்துவரும்.

வேகாததற்குக் காரணம் வேறு. இது புழுங்கலரிசி, மணி இறுகியது. மேலே தவிட்டுத் தோலும் இருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்கத் தாமதமாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் குறைந்தது 1 மணி நேரம் ஊறவிடுங்கள். ஒரு டம்ளருக்கு 5, 6 டம்ளர் தண்ணீர் உலைவைத்து, நன்றாகக் கொதித்த பிறகே அரிசியைப் போடுங்கள். சுமார் 45 நிமிடம் ஆகும். ஒரு பருக்கையை நசுக்கினால் நடுவில் வெள்ளைப் பொட்டு தெரியக்கூடாது. அப்போது வடியுங்கள். குக்கரில் வைத்தால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், கஞ்சி பொங்கி வால்வை அடைக்கும்.